அண்ணாச்சி தலையில் கட்டின வியாதி

பூனா பக்கத்துக் கிர்க்கியில எங்க குவார்ட்டர்ஸ் லைன்ல இருந்த அத்தனை வீட்டுக்கும் பிரசவம் பார்த்து, காய்ச்சலுக்குக் கஷாயம் போட்டு, சுளுக்குக்கு எண்ணெய் நீவின அக்காவுக்கு ஒரே ஒரு காரியம் மட்டும் வராது. "எனக்கு உடம்பு சரியில்லை"ன்னு சொல்ல வராது. தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டாலும் வராது. பக்கத்து வீட்டுல பன்னிரண்டு வருஷம் இருந்து பார்த்தவ நான். இத்தனை காலம் கழிச்சு நினைச்சாலும் பல்லை நறநறன்னு கடிக்கத்தான் தோணுது.

ஒரு நாள் காலையில அக்காவுக்கு ஒரு பக்கக் கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்துச்சு. என் வாசல்ல வந்து நின்னு, "ஏட்டி, ஒன் பிள்ளைக்குப் பல்லு வலின்னு சொன்னியே, அந்தக் கிராம்புத் தைலம் மிச்சம் கெடக்கா?"ன்னு கேட்டாங்க. என் பிள்ளைக்கு அப்ப ஆறு மாசம். பல்லே முளைக்கல. இன்னொரு தடவை குழாயடியில வழுக்கி விழுந்து முழங்கால் கிழிஞ்சு ரத்தம் ஒழுகுது. நாங்க நாலு பேர் பதறி ஓடினா, அக்கா குடத்தைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாங்க. "பாவம், குடத்துக்கு நல்ல அடி." கேட்டா ஒரே பதில்தான். "எனக்கு என்ன கேடு? குத்துக்கல்லு மாதிரில்லா இருக்கேன்."

திருநெல்வேலிப் பக்கத்து மனுஷங்க. அண்ணாச்சி, அதாவது அக்காவோட வீட்டுக்காரர், எங்க வீட்டுக்காரர் வேலை பார்த்த அதே வெடிமருந்துத் தொழிற்சாலையில ஃபிட்டர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் காப்பி. மூணு கரண்டி சீனி போடணும், குடிச்சு முடிச்சா டம்ளர் அடியில கரையாத சீனி நிக்கணும், அதை விரலால வழிச்சு நக்கணும். சம்பளத்தன்னைக்கு பஜார்ல இருந்து இலையில மடிச்ச ஜிலேபி வரும். அவ்வளவுதான் அந்த மனுஷன் வாழ்க்கையில கேட்டது.

அக்கா இளைக்க ஆரம்பிச்சாங்க. ரவிக்கை தோள்ல நிக்கல. ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டு உடனே அடுத்த சொம்புக்குக் கை நீட்டுவாங்க. குளிக்கிற இடத்து மூலையில எறும்பு மொய்ச்சுது. "அக்கா, எனக்கு என்னமோ சரியாப் படல"ன்னேன். "இந்த ஊரு எறும்புக்குப் பேராசை"ன்னு சொல்லிட்டு வெந்நீரைக் கொட்டினாங்க. எறும்பு மேல பழி போட்டாச்சு, காரியம் முடிஞ்சுது.

நான் விடல. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு பஜார்ல இருந்த மராட்டி டாக்டரோட தவாகானாவுக்கு, அதான் அவரோட சின்ன ஆஸ்பத்திரிக்கு, போனேன். நான் கிர்க்கியிலேயே பிறந்து, மராட்டிப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. அக்காவுக்குக் காய்கறி வாங்குற அளவுக்குத்தான் இந்தி. அதனால எந்த வெளிக்காரியம்னாலும் நான்தான் அவங்களுக்கு வாய்.

அப்பல்லாம் சர்க்கரை பார்க்கிறது எப்படின்னா, கண்ணாடிக் குழாயில ஒரு நீல மருந்தை ஊத்தி, அதுல சிறுநீரைச் சொட்டு சொட்டா விட்டு, ஸ்பிரிட் விளக்குல கொதிக்க வைப்பாங்க. நீலம் நீலமாவே நின்னா ஒண்ணுமில்லை. பச்சை, மஞ்சள்னு மாறினா இருக்கு. செங்கல் நிறம் வந்துட்டா எக்கச்சக்கமா இருக்கு. கம்பவுண்டர் கொதிக்க வச்சார். அக்காவோடது பச்சை, மஞ்சள் எல்லாத்தையும் ஒரே தாவாத் தாண்டி செங்கல்ல போய் நின்னுச்சு.

டாக்டர் அஞ்சு நிமிஷம் விளக்கமாச் சொன்னார். இது போற வியாதி இல்லை, கூடவே இருக்கும், இனிப்பு தொடக்கூடாது, சோற்றைக் குறைக்கணும், மாத்திரையை விடக்கூடாது, காலைப் பத்திரமாப் பார்த்துக்கணும். விட்டா காலும் போகும், கண்ணும் போகும், உசுரும் போகும். நான் ஒரு வார்த்தை விடாம தமிழ்ல சொன்னேன். அக்கா கவனமாக் கேட்டாங்க. கேட்டுட்டு, "யாருக்குங்கார்?"ன்னாங்க.

"உங்களுக்குத்தான்க்கா!"

"நல்லாக் கேட்டியா?"

 சாயங்காலம் குழாயடியில இருபது பொம்பளைங்க குடத்தோட நிக்கிறோம். அக்கா வந்தாங்க. குடத்தைக் கீழே வச்சாங்க. பெருமூச்சு விட்டாங்க. "எங்க வீட்டுல அவுகளுக்குச் சர்க்கரை வியாதியாம். டாக்டர் சொல்லிட்டாரு." சொல்லிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. இருபது பேரும் "ஐயோ, அண்ணாச்சிக்கா!"ன்னு கன்னத்துல கை வச்சாங்க. நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். நான் பண்ணின முதல் முட்டாள்தனம் அது.

அண்ணாச்சி ஷிப்டு முடிஞ்சு சைக்கிள்ல வந்து இறங்கறார். பாதி லைன் அவர் வாசல்ல நிக்குது. எதிர்வீட்டு வஹினி, அந்த மராட்டிக்காரம்மாவை லைன்ல எல்லாரும் அப்படித்தான், அண்ணின்னு, கூப்பிடுவோம், அவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவருக்கு ஆறுதல் சொல்றாங்க. அண்ணாச்சிக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. உள்ளே அடுப்படியில இருந்த அக்காவைப் பார்த்தார். அக்கா திரும்பல. அந்த முதுகுல என்னத்தைப் படிச்சாரோ, "ஆமா, கொஞ்ச நாளா அசதியாத்தான் இருக்கு"ன்னார். அவ்வளவுதான். வியாதியை வாங்கிக்கிட்டார் மனுஷன்!

அப்புறம் நடந்த கூத்து சொல்லி மாளாது. ஆளாளுக்கு வைத்தியம். ஒரு வீட்டுல இருந்து பாகற்காய் சாறு வரும், ஒரு வீட்டுல இருந்து நாவல்கொட்டைப் பொடி வரும், ஒருத்தர் வெந்தயத்தை ஊற வச்சு அனுப்புவார். அத்தனையும் அண்ணாச்சி வயித்துக்குள்ள. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு மடக்கு மடக்குன்னு குடிப்பார். எதிர்ல உக்காந்து அக்கா சீனி போட்ட காப்பியை உறிஞ்சிக்கிட்டு, "கசப்பு நல்லதுங்க, மிச்சம் வைக்காதிய"ன்னு உபசாரம்.

சங்கராந்தி வந்துச்சு. அன்னைக்கு மராட்டிக்காரங்க எள்ளுருண்டை குடுத்து, "எள்ளும் வெல்லமும் எடுத்துக்கோங்க, இனிமையாப் பேசுங்க"ன்னு சொல்லுவாங்க. வேண்டாம்னா உறவே வேண்டாம்னு அர்த்தம். வஹினி அக்கா கையில ரெண்டு உருண்டை வச்சாங்க. அண்ணாச்சி ஆசையாக் கையை நீட்டினார். வஹினி நாக்கைக் கடிச்சுக்கிட்டு, "உங்களுக்கு ஆகாதே!"ன்னு தட்டைப் பின்னால இழுத்துக்கிட்டாங்க. நீட்டின கை அப்படியே நிக்குது. அக்கா என்ன பண்ணினாங்க தெரியுமா? "பரவால்ல, அவுக பங்கையும் என்ட்ட குடுங்க"ன்னு வாங்கி, நாலையும் நின்ன இடத்துலயே தின்னாங்க. எனக்குக் கோபம் உச்சந்தலையில ஏறிடுச்சு.

அன்னைக்கு மத்தியானம் கதவைச் சாத்திட்டுக் கத்தினேன். "உங்களுக்கு என்ன பைத்தியமாக்கா? வியாதி உங்களுக்கு. பத்தியம் அவருக்கா? அவரு பாகற்காய் குடிச்சா உங்க ரத்தம் சுத்தமாகுமா?"

அக்கா அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டே இருந்தாங்க. "எங்க பெரியம்மை, எங்கம்மைக்கு மூத்தவ, அவளுக்கும் இதான்"னாங்க. "ஊரையே தூக்கிச் சுமந்தவ. சீக்காளின்னு பேரு வந்துச்சு, ஒரு மூலையில உக்கார வச்சாளுவ. ஒரு சோலி சொல்லமாட்டாளுவ, ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்பிடமாட்டாளுவ. பாவம் பாவம்னு சொல்லியே கொன்னுட்டாளுவட்டி. எங்க வீட்டுல அவுக ஆம்பள. நாலு பேரு பாவம்னு சொன்னா அவுக ஒண்ணும் தேஞ்சிரமாட்டாக. என்னைச் சொன்னா நான் செத்துருவேன்."

 பாவமாவும் இருந்துச்சு, பளார்னு ஒண்ணு விடலாம் போலவும் இருந்துச்சு. "மாத்திரையாவது ஒழுங்கா முழுங்குங்க, மாசா மாசம் வந்து காட்டுங்க"ன்னேன். "ஒனக்காகச் செய்யுதேன்"னாங்க, எனக்கு என்னமோ வரம் குடுக்கிற மாதிரி.

மாசா மாசம் டானிக் பாட்டில்ல சிறுநீரைப் பிடிச்சுக்கிட்டு என் கூட வந்தாங்க. அதிசயத்தைப் பாருங்க, அடுத்த மாசமே நீலம்! அதுக்கடுத்த மாசமும் நீலம். டாக்டர் பூரிச்சுப்போய் மாத்திரையைக் குறைச்சார். நான் மாரியம்மன் கோயில்ல தேங்காய் உடைச்சேன். இளைப்பு மட்டும் நிக்கல, தாகமும் நிக்கல. நீலத்தை நம்பினேனே தவிர என் கண்ணை நம்பல. இது ரெண்டாவது முட்டாள்தனம்.

இப்படியே ரெண்டு வருஷம் ஓடி, பான்ஷேத் அணை உடைஞ்சு பூனாவுல வெள்ளம் புகுந்த வருஷம் வந்துச்சு. வெள்ளம் வடிஞ்சப்புறம் குழாய்ல வாரக்கணக்கா தண்ணி வரல. லாரித் தண்ணிக்கும் கிணத்துக்கும் அலைஞ்சோம். அக்கா தன் வீட்டுக்கு மட்டுமா தூக்கினாங்க? பிள்ளைத்தாச்சி வீடு, கிழவர் வீடுன்னு ஆறு வீட்டுக்கு, செருப்பு இல்லாம, சகதியில. வலது கால் சுண்டுவிரல்ல ஆணி குத்தியிருக்கு. அவங்களுக்கு உறைக்கவே இல்லை. பதினஞ்சு நாள் ஆச்சு, புண்ணு ஆறல. கறுத்துக்கிட்டு வந்து ஒரு வாடை அடிச்சுது. துணியைச் சுத்திக்கிட்டு, "சேத்துப்புண்ணுட்டி, எல்லாருக்கும் உள்ளதுதான்"னாங்க.

அப்பத்தான் ஒரு மத்தியானம் அண்ணாச்சி என் வாசல்ல வந்து நின்னார். அவர் தனியா வந்ததே இல்லை. தொப்பியைக் கையில வச்சுத் திருகிக்கிட்டே, "ஏம்மா, சிறுநீர்ல மூணு கரண்டி சீனியைக் கலந்தா அந்தக் குழாய்ல செங்கல் கலர் வரணும்லா?"ன்னு கேட்டார்.

"என்ன கேக்குறீங்க அண்ணாச்சி?"

"வரலியே. நேத்தும் நீலமாத்தான வந்திச்சு."

மெதுவா மெதுவா அவர் சொல்லச் சொல்ல, நான் வாசப்படியிலயே உக்காந்துட்டேன். ரெண்டு வருஷமா டாக்டர்கிட்ட போனது அத்தனையும் அண்ணாச்சியோட சிறுநீர்! அக்காவோடது முதல் நாள் போனதோட சரி. மாத்திரை எல்லாம் மஞ்சள்தூள் டப்பாவுக்கு அடியில கிடக்குதாம். நல்லா இருக்கிற மனுஷனுக்கு நீலம் வராம பின்ன என்ன வரும்? கால் புண்ணைப் பார்த்துப் பயந்துபோய், இந்தத் தடவை சிவப்பு வரட்டும், டாக்டர் அதட்டி ஊசி போடட்டும்னு தானே சீனியைக் கலந்திருக்கார்.

"வாயைத் திறந்து டாக்டர்கிட்ட சொல்றதுக்கு என்ன அண்ணாச்சி?"

"டாக்டர்ட்ட சொல்லமாட்டேன்னு தாலியில கை வச்சுச் சத்தியம் வாங்கிட்டா. ஒன்ட்ட சொல்லக்கூடாதுன்னு வாங்கல."

"அப்ப நான் போய்ச் சொல்றேன்."

"சொன்னா அந்தத் தவாகானா பக்கமே அப்புறம் வரமாட்டாம்மா. நீயே சொல்லு, வருவாளா?"

வரமாட்டாங்கதான். கம்பவுண்டர்கிட்ட போய் ஒண்ணும் தெரியாதவ மாதிரி விசாரிச்சேன். வீட்டுச் சீனிக்கு அந்த நீல மருந்து மசியாதாம், குளுக்கோஸ் பொடிதான் நிறத்தை மாத்துமாம். என் பிள்ளை வயித்துப்போக்குல கிடந்தப்ப வாங்கின குளுக்கோஸ் டப்பா வீட்டுல இருந்துச்சு. ஒரு கரண்டி பொட்டலம் கட்டி அண்ணாச்சி கையில குடுத்தேன். மறு வாரமே புண்ணைச் சாக்கா வச்சு அக்காவை நச்சரிச்சு, பாட்டிலோட கிளப்பிட்டேன்.

நாங்க ரெண்டு அறிவாளிகளும் ஒண்ணை மட்டும் யோசிக்கல. அது யாரோட பாட்டில்னு அக்காவுக்குத் தெரியும்.

கம்பவுண்டர் கொதிக்க வச்சார். செங்கல்! சும்மா சொல்லக்கூடாது, சூளையில சுட்ட செங்கல். டாக்டர் மேஜையைத் தட்டித் திட்ட ஆரம்பிச்சார். அக்கா எழுந்து நின்னாங்க. "ஐயோ, அது என்னுது இல்லை! அவுகளுது! ஏட்டி, சொல்லுட்டி, அவுகளுதுன்னு சொல்லு!" என் தோளைப் பிடிச்சு உலுக்கினாங்க. "என் கருநாக்கு பலிச்சிருச்சே! ஊரெல்லாம் அவுகளுக்கு வியாதின்னு சொன்னேனே, அந்த மனுஷன் தலையிலேயே விடிஞ்சிருச்சே!"ன்னு தரையில உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டாங்க. பல்லு வலிக்கும், முழங்கால் கிழிஞ்சதுக்கும், புரையோடின புண்ணுக்கும் அழாத பொம்பளை, அன்னைக்கு அண்ணாச்சிக்காக அழுதாங்க பாருங்க, தவாகானாவுல இருந்த நோயாளிங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க.

நான் அங்கேயே, அக்கா எதிர்லயே, அவங்களுக்குப் புரியாத மராட்டியில டாக்டர்கிட்ட கடகடன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். பாட்டில் மாத்தினது, மாத்திரை மஞ்சள் டப்பாவுக்கு அடியில கிடக்கிறது, குளுக்கோஸ், எல்லாம். டாக்டர் பேனாவைத் தூக்கிப் போட்டார். என்னைப் பார்த்தார், அழுதுக்கிட்டிருந்த அக்காவைப் பார்த்தார், துணி சுத்தின காலைப் பார்த்தார். அப்புறம் ரொம்ப நிதானமா, "சரி. அவங்ககிட்ட இப்படிச் சொல்லு"ன்னார். "உங்க புருஷனுக்குச் சர்க்கரை. பத்தியச் சாப்பாடு வேணும். தனித்தனியாச் சமைச்சா அவர் ஏமாத்துவார். ஒரே பானை, ஒரே சாப்பாடு, ரெண்டு பேரும் சேர்ந்து மாத்திரை. முதல்ல இந்தக் கால் ஆறணும். நீங்க படுத்துட்டா அவரை யார் பார்ப்பாங்க?"

சொன்னேன். அக்கா கண்ணைத் துடைச்சாங்க. ஊசியைப் பார்த்தாங்க. "அவுகளுக்கும் இதான் போடுவாகளா? மொதல்ல எனக்குக் குத்தச் சொல்லு. வலிக்கான்னு பாப்பம்"னு கையை நீட்டினாங்க. இந்த ஜென்மத்தை என்ன செய்யறதுன்னு கேக்கறேன்!

சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. கால் தப்பிச்சுது. அன்னையில இருந்து அந்த வீட்டுல சீனி டப்பாவே கிடையாது. காலையில ஆறு மணிக்கு அக்கா உள்ளங்கையில ரெண்டு மாத்திரை. அண்ணாச்சிக்கு டாக்டர் குடுத்த சத்து மாத்திரை, அக்காவுக்கு நிஜ மாத்திரை. அவர் முழுங்கினாத்தான் இவங்க முழுங்குவாங்க. யாராவது கேட்டா, "அவுகளுக்குத் துணையா நானும் திங்கேன்"ம்பாங்க. தனக்கு இருக்குன்னு அப்பவும் வாய்ல வரல. அவருக்காகச் செஞ்சாலாவது செய்யட்டும்னு நாங்களும் மூடிக்கிட்டோம்.

அண்ணாச்சியை நினைச்சாத்தான் வயித்தெரிச்சல். எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் கேன்டீன்ல, "இங்க யாரு பார்க்கப் போறா, ஒரு ஜிலேபி தின்னுங்க"ன்னிருக்கார். "வீட்டுக்குப் போனா மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவா"ன்னாராம். இல்லாத வியாதிக்கு அதுக்கப்புறமும் ஏழு வருஷம் கசந்த காப்பி குடிச்சார். அப்புறம் ஒரு நாள் காலை ஷிப்டுல நெஞ்சு வலின்னு உக்காந்தவர் எழுந்திருக்கல.

காரியம் நடந்த பதினஞ்சு நாளும் நான் அக்கா பக்கத்துலயே இருந்தேன். காலையில ஆறு மணிக்கு ரெண்டு மாத்திரையையும் எடுப்பாங்க. உள்ளங்கையைப் பார்ப்பாங்க. ரெண்டையும் திரும்ப டப்பாவுலயே போட்டுருவாங்க. தண்ணி சொம்பு சொம்பா இறங்க ஆரம்பிச்சுது. இனிமே யாருக்காக முழுங்குவாங்க? அவரு சிறுநீர் நீலந்தான், அவரும் நானும் சேர்ந்து உங்களை ஏமாத்தினோம்னு இப்பச் சொன்னா, அந்த டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில எறிவாங்க. சொல்லாம இருந்தாலும் சாகத்தான் போறாங்க. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து.

பதினாறாம் நாள் படையல். செத்தவருக்குப் பிடிச்சதை எல்லாம் இலையில வைக்கணும். அம்பாலாவுல பட்டாளத்துல இருந்த அக்கா மகன் வந்திருந்தான். லைன் பொம்பளைங்க எல்லாரும் கூடத்துல உக்காந்திருக்காங்க. அக்கா மூலையில இருந்தே, "காப்பியில சீனி போட்டுராதட்டி, அவுகளுக்கு ஆகாது"ன்னாங்க.

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! செத்த மனுஷனுக்குமா பத்தியம்? என் வீட்டுக்கு ஓடினேன், சீனி டப்பாவை முந்தானைக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்தேன், மூணு கரண்டி போட்டேன். கலக்கக்கூட இல்லை. அடியில நிக்கட்டும்னு அப்படியே இலையில வச்சேன்.

சூடம் காட்டி, காக்காவுக்கு வச்சு, படைச்சதை எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிடற நேரம். மகன் அந்தக் காப்பி டம்ளரை நேரா அம்மா கையில கொண்டு போய்க் குடுத்துட்டான்.  அக்கா ஒரு வாய் குடிச்சாங்க. நிறுத்தினாங்க. டம்ளரைச் சாய்ச்சு அடியைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

அப்புறம் தலையைத் தூக்கி, அத்தனை பொம்பளைங்களும் கேக்க, குழாயடிக் குரல்ல சத்தம் போட்டாங்க. "எவட்டி இதுல சீனி போட்டது? இந்த வீட்டுல சர்க்கரை வியாதிக்காரி ஒருத்தி இருக்கேன்னு தெரியாதா? என்னைக் கொல்லப் பாக்கியளா?"

 வஹினி என் கையைச் சுரண்டி, அக்கா என்ன சொல்றாங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். தனக்குச் சர்க்கரை வியாதின்னு சொல்றாங்கன்னு சொன்னேன். ஒரு பொம்பளை இந்த ஒரு வரியைச் சொல்றதுக்கு ஒன்பது வருஷமும் ஒரு கால் விரலும் ஒரு மனுஷனும் போக வேண்டியிருந்துச்சு.

அக்கா மகன்கிட்ட ஜன்னல்ல இருந்த மாத்திரை டப்பாவை எடுத்துத் தரச் சொன்னாங்க. ஒண்ணை மட்டும் எடுத்துத் தண்ணியில முழுங்கினாங்க. டம்ளரை என் பக்கமா நகர்த்தினாங்க.

"மிச்சத்தை நீ குடிட்டி. அவுக குடிக்கிற பதம்லா, கீழ ஊத்திராத."

குடிச்சேன். அடியில நின்ன சீனியை விரலால வழிச்சேன். அக்கா பார்த்துக்கிட்டே இருந்தாங்க.